தொழிற்சாலை இங்கே, சுவிட்ச் எங்கேயோ! தெரியுமா உங்களுக்கு?

ஓட்டுநர் இல்லாமல் ஓடிய சரக்கு ரயில் ஒன்றை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் வேண்டுமென்றே கவிழ்த்தார்கள். தெரியுமா?

சினிமா இல்லை, நிஜம். 2018 நவம்பர் 5, விடியற்காலை, மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதி. பிஎச்பி கம்பெனியின் இரும்புத்தாது ரயில் அது. 4 இன்ஜின், 268 பெட்டி. ஏதோ கோளாறு என்று வண்டியை நிறுத்திவிட்டு, பெட்டியைப் பார்க்க ஓட்டுநர் கீழே இறங்கினார். அவர் தரையில் நிற்கும்போதே வண்டி நகர ஆரம்பித்துவிட்டது! ஆளே இல்லாமல் 92 கிலோமீட்டர், ஏறக்குறைய 50 நிமிடம், சராசரி வேகம் மணிக்கு 110. அந்தத் தண்டவாளம் போய்ச் சேருவது போர்ட் ஹெட்லண்ட் துறைமுக நகருக்கு. பெர்த் நகரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்கள் முடிவெடுக்கக் கிடைத்தது அந்த 50 நிமிடம்தான். ஊருக்கு 119 கிலோமீட்டர் முன்னாலேயே, டர்னர் என்ற இடத்தில், தண்டவாளப் பாயின்ட்டைப் பெர்த்திலிருந்தபடியே மாற்றி வண்டியைத் தடம் புரள வைத்தார்கள். பெட்டிகள் கசங்கிக் குவிந்தன. ஒருவருக்கும் காயமில்லை.

அதே பில்பராவில் இன்னொரு கம்பெனி, ரியோ டின்டோ. அங்கே ஓட்டுநர் இல்லாமல் ஓடுவது விபத்து அல்ல, ஏற்பாடு. 2018 ஜூலையில் அவர்களுடைய ரயில் டாம் பிரைஸிலிருந்து கேப் லம்பர்ட் துறைமுகம் வரை 280 கிலோமீட்டர் தானாகவே ஓடி 28,000 டன் தாது கொண்டுபோய்க் கொட்டியது. வண்டியின் நீளம் மட்டும் 2.4 கிலோமீட்டர்! மேற்பார்வை பார்த்தவர்கள் 1,500 கிலோமீட்டர் தள்ளி, இதே பெர்த்தில். சென்னையில் உட்கார்ந்துகொண்டு போபால் பக்கம் ஓடும் ரயிலைக் கவனிப்பதுபோல.

ரயிலை விடுங்கள். லண்டன் சிட்டி விமான நிலையத்தில் விமானத்தை இறக்குகிறவர்கள் லண்டனிலேயே இல்லை, தெரியுமா? ஓடுபாதையோரம் நிற்கும் கோபுரத்தில் ஆள் கிடையாது, கேமராக்கள்தான். கட்டுப்பாட்டாளர்கள் 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஸ்வான்விக்கில் திரைகளைப் பார்த்தபடி உத்தரவு கொடுக்கிறார்கள். 2021இலிருந்து இப்படித்தான்.

சரி, இத்தனை தூரத்திலிருந்து வரும் உத்தரவைக் கேட்டு வேலை செய்வது யார்? அதைப் பார்க்க ஆஸ்திரேலியா போக வேண்டாம். நம்மூர் நூற்பாலையிலோ, சர்க்கரை ஆலையிலோ, குடிநீரேற்று நிலையத்திலோ சாம்பல் நிறப் பேனல் கதவைத் திறந்து பாருங்கள். காண்டாக்டர்களுக்கும் ஒயர் கட்டுகளுக்கும் நடுவே, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கும். அதுதான் பிஎல்சி, அதாவது புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர். ஆலைக்காரர்கள் யாரும் இதன் முழுப்பெயரைச் சொல்வதில்லை.

இது செய்யும் வேலை ஒன்றே ஒன்று. முதலில் எல்லா இன்புட்டையும் படிக்கும்: தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, எமர்ஜென்சி பட்டனை யாராவது அழுத்தியிருக்கிறார்களா, மோட்டார் சூடாகிவிட்டதா. அடுத்து, தனக்குள் எழுதிவைத்த புரோகிராமை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை ஓட்டும். அடுத்து, வால்வைத் திற, பம்பை நிறுத்து என்று அவுட்புட் கொடுக்கும். உடனே மறுபடி முதலிலிருந்து! ஒரு சுற்றுக்குச் சில மில்லிசெகண்ட்தான். தீபாவளிக்கும் லீவு கிடையாது.

இதற்குப் பிறந்தநாள் உண்டு, தெரியுமா? 1968 ஜனவரி 1. அமெரிக்காவில் டிக் மார்லி என்ற இன்ஜினியர் புத்தாண்டு நாளில் உட்கார்ந்து இந்தக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். அதுவரை கார் தொழிற்சாலைகளில் கட்டுப்பாடு என்றால் அலமாரி அலமாரியாக ரிலேக்கள். மாடல் மாறினால் அத்தனை ஒயரையும் பிடுங்கி மறுபடி இழுக்க வேண்டும். மார்லியின் கம்பெனிக்கு இது 84ஆவது புராஜெக்ட், ஆகவே கருவியின் பெயர் 084! அதைத் தயாரிக்கத் தொடங்கிய கம்பெனிதான் மோடிகான். புரோகிராம் எழுதும் முறையில்தான் சாமர்த்தியம். எலக்ட்ரீஷியன்களுக்குப் பழகிப்போன ரிலே வரைபடத்தின் சாயலிலேயே, ஏணிப்படி மாதிரி எழுதச் செய்தார்கள். அதனால் கம்ப்யூட்டர் படிக்காத எலக்ட்ரீஷியனுக்கும் புரிந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த லேடர் லாஜிக் இன்னும் ஓடுகிறது. மென்பொருள் உலகில் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தவை கொஞ்சம்தான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. சென்சாரிலிருந்து பேனலுக்கு வரும் ஒயரில் 4 முதல் 20 மில்லியாம்பியர் வரைதான் கரன்ட் ஓடும். தொட்டி நிரம்பியிருந்தால் 20. காலியாக இருந்தால்? 0 இல்லை, 4! ஏன் அந்த 4? எலி ஒயரைக் கடித்துவிட்டால் 0 வரும். 0 வந்தால் 'ஒயர் போச்சு' என்று அர்த்தம், 4 வந்தால் 'தொட்டி காலி' என்று அர்த்தம். உடைந்ததையும் ஒன்றுமில்லாததையும் பிரித்துக் காட்ட இப்படி ஒரு ஏற்பாடு. இதை யோசித்தவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

இணையம் வழியாக மெஷினைக் கண்காணிக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று தேடினால் சிரிப்பு வரும். கோக் மெஷின்! 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் மாடி ஏறி இறங்கி கோக் மெஷினுக்குப் போனால் பாட்டில் காலி, அல்லது இப்போதுதான் போட்ட சூடான பாட்டில். எரிச்சலில் மெஷினின் விளக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டார்கள். விளக்கு சில நொடி மின்னி அணைந்தால் யாரோ ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறார். அணையாமல் நின்றால் அந்த வரிசை காலி. நிரப்பி 3 மணி நேரம் ஆகிவிட்டால் 'குளிர்ந்துவிட்டது' என்று கணக்கு. இன்றைக்கு ஆலையைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் ஸ்காடா திரையில் கோடி ரூபாய் செலவழித்துச் செய்வதும் சாராம்சத்தில் இதுதான். இணையத்தின் தாத்தாவான ஆர்பாநெட்டில் இருந்த யாரும் அந்த மெஷினை எட்டிப்பார்க்க முடிந்தது. பிறகு 1991இல் கேம்பிரிட்ஜில் காபிப் பாத்திரத்தைப் பார்க்க ஒரு கேமரா வைத்தார்கள். 1993இல் அது உலகம் முழுக்கத் தெரிந்தது, 2001இல் அணைத்தார்கள். அந்தப் பழைய பாத்திரம் 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது என்பது உபரிச் செய்தி.

அட, நம்ம விவசாயி இதில் சளைத்தவரா? தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்துகொண்டு கிணற்றடிக்குப் போய் ஸ்டார்ட்டரைப் போட்ட காலம் ஒன்று. இப்போது ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சிம் கார்டு போட்ட இன்னொரு பெட்டி. கட்டிலில் படுத்தபடி போன் போட்டால் மோட்டார் ஓடும். ஒரு ஃபேஸ் போய்விட்டால் தானே நிறுத்தும். கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றினால் ஆம்பியர் குறையும் அல்லவா? அதைக் கண்டுபிடித்தும் நிறுத்திவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் கொடுக்கிறது. பெர்த்தில் கோடிக்கணக்கில் செய்ததன் கரு முழுவதும் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது: தூரத்து உத்தரவு, பக்கத்துக் காவல். தோட்டக்காரரின் போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் மோட்டார் கருகாது. இதை நினைவில் வையுங்கள், பிறகு இந்தக் கணக்கு வேண்டியிருக்கும்.

நூற்பாலையிலும் இப்படித்தான். ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேலான ஸ்பிண்டில்கள் சுற்றும். எதில் நூல் அறுந்தது என்று முன்பெல்லாம் ஆள் நடந்து நடந்து பார்க்க வேண்டும். இப்போது ஸ்பிண்டிலுக்கு ஒரு சென்சார். எந்த ஸ்பிண்டில் அடிக்கடி நூலை அறுக்கிறது என்று திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

நார்வேக்குப் போவோமா? வடகடலில் ஓசெபர்க் எச் என்று ஒரு எண்ணெய் மேடை, 2018இல் உற்பத்தி தொடங்கியது. அதில் தங்குவதற்கு அறை இல்லை. ஹெலிகாப்டர் இறங்க இடம் இல்லை. கழிவறைகூட இல்லை! ஆள் இருந்தால்தானே? கிணறுகளைத் திறப்பதும் மூடுவதும் பக்கத்திலிருக்கும் பெரிய மேடையிலிருந்து. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை கப்பலில் வந்து, பாலம் போட்டு ஏறி, பராமரிப்பு பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு மேடை, ஈவார் ஓசென். அதன் கன்ட்ரோல் ரூமே 2019இல் கரையேறி ட்ரான்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போய்விட்டது. கடலில் இருப்பவர்கள் ஸ்பேனர் பிடிக்கிறார்கள், ஷிப்ட் ஆபரேட்டர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்.

கண்காணிப்பது சுலபம். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் மென்பொருளைத் தூரத்திலிருந்து மாற்றுவதுதான் வித்தை. நம் போனில் அப்டேட் வந்தால் இரண்டு நிமிடம் அணைத்துப் போட்டுவிடுகிறோம். இரும்பு உருக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸைப் பற்ற வைத்தால் 15, 20 வருஷம் தொடர்ந்து எரியும், தெரியுமா? அதை 'ஒரு நிமிஷம் ரீஸ்டார்ட் பண்ணிக்கிறேன்' என்று சொல்ல முடியாது. அதனால்தான் முக்கியமான இடங்களில் இரண்டு கன்ட்ரோலர் வைக்கிறார்கள். ஒன்று ஓடும், மற்றது விழித்துக்கொண்டு காத்திருக்கும். காத்திருப்பதில் புது மென்பொருளை ஏற்றி, ஆலைக்கே தெரியாமல் பொறுப்பை மாற்றிக்கொடுப்பார்கள். அந்த வசதி இல்லாத இடங்களில் வருடாந்திர ஷட்டவுன் வரும்வரை மென்பொருளின் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

தூரம் என்றால் எவ்வளவு தூரம்? கேளுங்கள் இதை. வாயேஜர் 1, 1977இல் கிளம்பிய விண்கலம். 2023 நவம்பரில் திடீரென்று உளற ஆரம்பித்தது. வந்த தகவலில் அர்த்தமே இல்லை. உள்ளே கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரு சிப் செத்துவிட்டது. சிப்பை மாற்ற ஆள் அனுப்ப முடியாது, கலம் அப்போது இருந்தது சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில். அந்தச் சிப்பில் இருந்த புரோகிராமை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், முழுசாக வைக்க ஓரிடத்திலும் காலி இல்லை. துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த சந்துபொந்துகளில் செருகி, துண்டுகள் ஒன்றையொன்று கூப்பிடும் முகவரிகளைத் திருத்தி, 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். உத்தரவு போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். ஏப்ரல் 20 அன்று வாயேஜர் தெளிவாகப் பேசியது! நாற்பத்தாறு வயது மெஷின்!

ஆனாலும் ஆலைக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்துச் சொந்தம் மார்ஸ் பாத்ஃபைண்டர். 1997 ஜூலை 4 செவ்வாயில் இறங்கிய கலம், சில நாளிலேயே தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. அதில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டம் விஎக்ஸ்வொர்க்ஸ். தொழிற்சாலை ரோபோக்களிலும் இதே சரக்குதான். கோளாறு இதுதான்: வானிலைத் தகவல் சேகரிக்கும் ஒரு சின்ன வேலை, பொதுவான ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியமான வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும். நடுவில் நடுத்தர முக்கியத்துவம் உள்ள வேலை ஒன்று புகுந்து சின்னதை நிறுத்திவைத்துவிடும். சின்னது நகராததால் பெரியதும் நகராது. 'பெரியவர் ரொம்ப நேரமாக வாய் திறக்கவில்லையே' என்று காவல் டைமர் பதறி எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். பூமியில் அதே மாதிரி இன்னொரு கலத்தை ஓட்டி, கோளாறை வரவழைத்துப் பார்த்து, ஒரே ஒரு அமைப்பை 'ஆஃப்'பிலிருந்து 'ஆன்' என்று மாற்றி செவ்வாய்க்கு அனுப்பினார்கள். தீர்ந்தது! பிழை தேடும் கருவிகளைக் கழற்றிவிடாமல் கலத்திலேயே விட்டுவைத்திருந்ததால்தான் இது முடிந்தது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்துவிடும் கான்ட்ராக்டர்கள் கவனிக்கவும்.

இப்போது மறுபக்கம். சர்வீஸ் இன்ஜினியர் நுழையும் வாசல் வழியாக மற்றவர்களும் நுழையலாம் அல்லவா?

2003 ஜனவரி 25. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேவிஸ் பெஸ்ஸி அணுமின் நிலையம். ஃபயர்வால் இருந்தது, ஜோராகவே இருந்தது. ஆனால் ஒரு கான்ட்ராக்டரின் வசதிக்காக இழுத்திருந்த தனி லைன் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. ஸ்லாமர் என்ற கம்ப்யூட்டர் புழு அந்த லைன் வழியாக நுழைந்து, பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரையை ஏறக்குறைய 5 மணி நேரம் முடக்கிப்போட்டது. நல்ல வேளை, உலை அப்போது ஓடவில்லை. அந்தப் புழு புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே மருந்து கொடுத்துவிட்டது, போடத்தான் ஆள் இல்லை.

ஆலைகளில் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி ஒன்று, மோட்பஸ். மோடிகான் 1979இல் உண்டாக்கியது. அதில் பாஸ்வேர்ட் என்ற பேச்சே கிடையாது, தெரியுமா? ஒரே பேனலுக்குள், ஒரே ஒயரில் பேசிக்கொள்ளும் கருவிகளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அப்போதைக்கு அது சரிதான். பிறகு அதே மொழியை அப்படியே தூக்கி இணையத்தில் விட்டோமே, அங்கேதான் வந்தது வினை. 2024 ஜனவரி, உக்ரைனின் லிவிவ் நகரம், உறைய வைக்கும் குளிர். 600க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வெந்நீர் வெப்பம் இல்லாமல் போனது. ஊடுருவியவர்கள் அனுப்பியவை சாதாரண மோட்பஸ் கட்டளைகள். கன்ட்ரோலர் 'நீ யார்' என்று கேட்கவில்லை, கேட்கத் தெரியாது.

அதே உக்ரைன், 2015 டிசம்பர் 23. இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கதை. மின்விநியோகக் கம்பெனி ஒன்றின் கன்ட்ரோல் ரூம். ஆபரேட்டரின் திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்கிறது. போய் ஒரு பிரேக்கர் மேல் நிற்கிறது. திறக்கிறது. ஒரு துணைமின் நிலையம் இருட்டு! அவர் மவுஸைப் பிடித்து இழுக்கிறார், அசையவில்லை. கம்ப்யூட்டர் அவரையே வெளியே தள்ளுகிறது. மறுபடி நுழையப் பார்த்தால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். அடுத்த பிரேக்கர், அதற்கடுத்தது... மூன்று கம்பெனிகளில், சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. புகார் சொல்ல மக்கள் கூப்பிடாதபடி கால் சென்டருக்குப் பொய் அழைப்புகள் கொட்டின. தூரத்து உத்தரவைத் துணைமின் நிலையத்துக்குள் கொண்டுபோகும் கருவிகளின் உள் மென்பொருளையும் அழித்துவிட்டுப் போனார்கள், திரும்ப ஆன் செய்ய முடியாதபடி.

மின்சாரம் எப்படி வந்தது? ஊழியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்குப் போய், கையால் பிரேக்கரைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. பழைய காலத்துக் கைப்பிடிகளைக் கழற்றாமல் வைத்திருந்தார்கள், அதுதான் காரணம். எல்லாம் 'நவீனமாக' இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது.

சில சமயம் அதிர்ஷ்டமும் கைகொடுக்கும். 2013இல் நியூயார்க் மாநிலத்தில் பௌமன் என்ற குட்டி அணையின் கட்டுப்பாட்டுக்குள் ஈரானிலிருந்து ஒருவர் புகுந்துவிட்டார் என்று அமெரிக்க அரசு பின்னாளில் வழக்குப் போட்டது. மதகைத் திறந்திருக்கலாம். ஆனால் பராமரிப்பு வேலைக்காக மதகின் இணைப்பை ஏற்கனவே கழற்றி வைத்திருந்தார்கள்!

2021 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் ஊரில் குடிநீரில் காஸ்டிக் சோடாவின் அளவை 100இலிருந்து 11,100க்கு யாரோ டீம்வியூவர் என்ற தூரத்து இணைப்பு மென்பொருள் வழியாக ஏற்றினார்கள், ஆபரேட்டர் பார்த்து உடனே குறைத்தார் என்ற செய்தி உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். கதையின் மிச்சம் வந்திருக்காது. வெளியாள் புகுந்ததாக எஃப்பிஐயால் உறுதிப்படுத்த முடியவில்லை. உள்ளூர் ஊழியரின் கைத்தவறாகத்தான் இருக்கும் என்று அப்போதைய நகர நிர்வாகியே பிற்பாடு சொன்னார். பயமுறுத்தும் செய்தி பறக்கும், திருத்தம் நடந்துதான் வரும்.

பெரிய ஹேக்கர்தான் வேண்டும் என்றில்லை. 2023 நவம்பரில் பென்சில்வேனியாவின் அலிக்விப்பா ஊர்க் குடிநீர் வாரியத்தின் ஒரு பம்ப் நிலையத்துத் திரையில் அரசியல் வாசகம் வந்து நின்றது. யூனிட்ரானிக்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனியின் பிஎல்சி அது. இணையத்தில் பப்பரப்பே என்று திறந்து கிடந்த கருவி. அந்த வகைக் கருவிகளுக்குக் கம்பெனி போட்டுக்கொடுத்திருந்த பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? 1111. ஊழியர்கள் கைமுறைக்கு மாறியதால் குடிநீருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே சமயத்தில் இதே மாதிரித் தாக்குதலால் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு கிராமப் பகுதிக்கு இரண்டு நாள் தண்ணீரே வரவில்லை. இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடித்தர ஷோடான் என்று ஒரு தேடுபொறியே 2009இலிருந்து இருக்கிறது. நாம் கூகுளில் சினிமா நேரம் தேடுவதுபோல, அதில் பிஎல்சி தேடலாம்.

நம்ம ஊர்? கூடங்குளம். 2019 செப்டம்பரில் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் டிட்ராக் என்ற தீமென்பொருள் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அக்டோபர் 29 அன்று நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் அது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனி, அவை பாதிக்கப்படவில்லை என்று விளக்கம் வந்தது. பிரித்து வைத்தது நல்லதாயிற்று. முதல் நாள் மறுத்ததுதான் தேவையில்லாத வேலை.

பிரித்து வைப்பதில் ஒரு அற்புதமான வழி இருக்கிறது. டேட்டா டையோட். கண்ணாடி இழைக் கேபிளில் ஆலைப் பக்கம் ஒளியை அனுப்பும் விளக்கு மட்டும். அலுவலகப் பக்கம் ஒளியை வாங்கும் கண் மட்டும். அலுவலகத்தில் விளக்கே இல்லை, ஆலையில் கண்ணே இல்லை! உலையின் சூடு எவ்வளவு என்று வெளியே பார்க்கலாம். வெளியிலிருந்து ஒரு எழுத்துகூட உள்ளே போகாது. உலகத்திலேயே கெட்டிக்கார ஹேக்கர் வந்தாலும் இல்லாத விளக்கை எரியவைக்க முடியாது. பல நாட்டு அணுமின் நிலையங்கள் இதை வைத்திருக்கின்றன.

ஆனால் வாசலை அடைத்தால் மட்டும் போதாது என்று காட்டியது ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையம். இணையமே இல்லாத இடம். ஸ்டக்ஸ்நெட் என்ற தீமென்பொருள் பென் டிரைவில் ஏறி உள்ளே போனது என்கிறார்கள். 2010இல் வெளிச்சத்துக்கு வந்தது. யுரேனியம் சுழற்றும் மெஷின்களின் வேகத்தை ஏற்றி இறக்கிக் கெடுத்தது. இன்னொரு கன்ட்ரோலருக்கு எழுதிவைத்திருந்த பகுதி, நன்றாக ஓடிய நேரத்து அளவுகளை முன்கூட்டியே பதிவு செய்து திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டுவதற்கு! ஆபரேட்டர் பார்ப்பது பழைய ரெக்கார்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

2017இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலை. அங்கே குறிவைத்தது, ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கன்ட்ரோலரை. அந்தக் கன்ட்ரோலரின் முகப்பில் ஒரு சாவி இருக்கிறது. நிஜச் சாவி, கையால் திருப்புவது. 'ரன்' என்று வைத்தால் தூரத்திலிருந்து யாரும் புரோகிராமை மாற்ற முடியாது. 'புரோகிராம்' என்று வைத்தால் முடியும். யாரோ வேலை முடிந்து திரும்பவும் 'ரன்'னுக்குத் திருப்பாமல் விட்டுவிட்டார்கள். ட்ரைட்டான் என்ற தீமென்பொருள் உள்ளே போனது. அதை எழுதியவர்களின் கோடிங்கில் ஒரு பிழை இருந்ததால் கன்ட்ரோலர் சந்தேகப்பட்டு ஆலையை நிறுத்திவிட்டது. குட்டும் உடைந்தது.

இணைப்பை வைத்திருப்பவர் கம்பெனிக்காரர் என்றால்? 2022இல் உக்ரைனின் மெலிட்டபோலில் ரஷ்யத் துருப்புகள் ஜான் டியர் டிராக்டர்களையும் அறுவடை மெஷின்களையும் அள்ளிக்கொண்டு செச்சினியா வரை போனார்கள். போய்ப் பார்த்தால் ஒன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. தூரத்திலிருந்தே பூட்டியாயிற்று! கைதட்டத் தோன்றும். உடனே அடுத்த கேள்வியும் தோன்ற வேண்டும்: காசு கொடுத்து வாங்கிய நம் மெஷினையும் அதே பொத்தானால் பூட்டலாம் அல்லவா? போலந்தில் 2023இல் இந்தச் சண்டை வெடித்தது. நேவாக் கம்பெனி ரயில்கள் வேறு பட்டறையில் சர்வீஸுக்கு நின்றால் கிளம்ப மறுத்தன. போட்டிப் பட்டறைகளின் ஜிபிஎஸ் இடங்களே ரயிலின் மென்பொருளுக்குள் எழுதப்பட்டிருந்தன என்று ஆராய்ச்சியாளர்கள் மூவர் சொன்னார்கள். கம்பெனி மறுத்து, கோர்ட்டுக்கும் போனது.

கிணற்றடிப் பெட்டியை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதன் பெரிய அண்ணன் ஜெர்மனியில். 2022 பிப்ரவரி 24, உக்ரைன் மேல் படையெடுப்பு தொடங்கிய நாள். வயாசாட் செயற்கைக்கோள் சேவையின் மோடம்களை ஒரு தாக்குதல் அழித்தது. அடி விழுந்தது ஜெர்மனியின் எனர்கான் காற்றாலைகளுக்கும். 5,800 காற்றாலைகள் தூரத்துக் கண்காணிப்பை இழந்தன, மொத்தம் 11,000 மெகாவாட். ஊரே இருண்டதா? இல்லை! ஒவ்வொரு காற்றாலையும் உத்தரவுக்குக் காத்திராமல் தன் கன்ட்ரோலரை நம்பிச் சுற்றிக்கொண்டே இருந்தது, மின்சாரமும் வந்துகொண்டே இருந்தது. என்னைக் கேட்டால், இந்த வரிசையில் முதல் பரிசு இதற்குத்தான். வாயேஜருக்கு இரண்டாவது.

கடைசியாக, ஆலையில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஆயுத பூஜைக்குப் பேனலைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது உள்ளே ஒரு நிமிடம் பாருங்கள். ஆன்டெனா வைத்த குட்டி ரவுட்டர் ஏதாவது மூலையில் மாட்டியிருக்கிறதா? இருந்தால், அதில் இருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது, மெஷின் விற்ற கம்பெனிக்காரர் எப்போதெல்லாம் அதன் வழியே உள்ளே வருகிறார் என்று மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் கேளுங்கள். கன்ட்ரோலர் சாவி 'ரன்'னில் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்ட் 1111 என்றால் பொரிகடலை விநியோகிப்பதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.